உள்ளே வந்த மணல்

மூன்றாம் வாசலில் எனக்கு வேலை
மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது.
சும்மா இருந்தாலும் ஒன்றிரண்டு தட்டும்,
மணவாளக்குறிச்சிக் காற்றுக்கே அது தட்டும்.
வெளியே போகிறவரின் செருப்பு, சாப்பாட்டுப் பை,
சைக்கிள் டயரின் பள்ளம்,
எங்காவது மணல் ஒட்டியிருந்தால்
அணில் கொட்டை உடைப்பதுபோல் படபடக்கும்.
உள்ளே வருகிறவர்களை அளப்பதில்லை.
இங்கே கொண்டுவர
யாரிடம் என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை ஏசுவடியான் வந்தார்.
வெள்ளிச்சந்தையில் மைக்செட் கடை.
ஆலையின் ஆண்டுவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்ட
ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு
பையை என் மேசையில் வைத்தார்.
மீட்டர் படபடத்தது.

"மணலு எடுத்திட்டா போறிய அண்ணே?"
"நான் இப்பத்தானே மக்கா வாறேன்."

கொட்டிப் பார்த்தோம்.
டெஸ்டர், கறுப்பு டேப், காகிதத்தில் பாதி வடை,
பழைய பெட்ரோமாக்ஸின் பித்தளைத் திருகுகள்,
பழுத்துப்போன உறை ஒன்று.
உறைக்குள், பிறந்த பிள்ளையின் காலுறை அளவில்
ஒரு வலைத்துணிப் பை.
மேண்டில்.
சனிக்கிழமை எடைக்கு வாங்கிய விளக்கோடு
அதன் பெட்டியின் அடியில் கிடந்ததாம்.
யாரும் கட்டவும் இல்லை, எரிக்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு.
சீமையில் ஒரு காலம் விளக்கெல்லாம்
மஞ்சளாய்ப் புகைந்துகொண்டிருந்தன.
ஒருவர் துணியை ஏதோ மண்ணின் உப்பில்
நனைத்துக் கொளுத்தினார்.
துணி போயிற்று.
துணி இருந்த வடிவம் போகவில்லை.
சாம்பல்தான்,
ஆனால் அந்தச் சாம்பல் வெள்ளையாய் எரிந்தது.
அந்த மண்ணைத் தேடிக் கப்பல்கள்
எந்தெந்தக் கடலுக்கோ போயின.

அதே காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள்
கதம்பையை ஊறப்போட்டு, அடித்து,
தும்பைக் கடற்கரையில் காயவைத்து,
கயிறாக்கிக் கப்பலேற்றினார்கள்.
கயிற்றுக்கு விலை.
ஒட்டிய மணலுக்கு விலையில்லை.
அங்கே யாரோ ஒருவர் கயிற்றை உதறியிருக்கிறார்.
மேசையில் விழுந்த தேன்நிறப் பொடியைத்
துடைத்துவிடாமல்
கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்.
அவ்வளவுதான்.
பிறகு கடவத்தில் மணல் சுமந்த பெண்களுக்கு
நாளைக்கு எத்தனை சக்கரம் கூலி என்று
தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

போன மணல் துணிப்பையாய்த் திரும்பி வந்தது,
டஜன் டஜனாக, விலை ஒட்டி.
கல்யாணப் பந்தலில், சப்பரத்துக்கு முன்னால்
கூலிக்காரர் தலையில்,
பாதிரா நேரம் கரைமடி இழுக்கிற இடத்தில்
ஒரு கழியின் நுனியில்.
கீழே மணல். மேலே மணல்.
நடுவில் நெத்திலி பொறுக்கிய கைகளுக்கு
அது தெரியாது.
தெரிந்திருந்தாலும் நெத்திலிதான் முக்கியம்.
விட்டில் ஒன்று மோதினால் போதும்,
பொடிந்து காலடியில் விழும்.
யாராவது கெட்ட வார்த்தை சொல்வார்கள்,
வாடகைக் கணக்கில் ஆறணா ஏறும்.

பாதுகாப்பு அதிகாரி ரோஸ்லெட் மேடம் வந்தார்.
அலமாரியைக் குடைந்தார்.
மணல் வெளியே போனால் நிரப்ப மூன்று படிவம் உண்டு.
உள்ளே வந்தால் ஒன்றும் இல்லை.
"விசிட்டர் நோட்டுலயே எழுதும்" என்றார்.

பொருள்: மேண்டில் ஒன்று.
எடை: தராசு காட்டவில்லை.
எங்கிருந்து வருகிறது:

பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
"வெள்ளிச்சந்தைன்னு எழுதுலே" என்றார் ஏசுவடியான்,
"எனக்கு மரத்துல ஏறணும்."

ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.
இருட்டும்வரை அவர் வேப்பமரத்தில்
சீனத்து பல்புகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்,
பச்சை, நீலம், மறுபடி பச்சை.
போகும்போது அளந்தேன்.
காற்றுக்கு உரிய ஒன்றிரண்டு தட்டல்.
பாதி வடையை மறக்காமல் கேட்டு
வாங்கிக்கொண்டு போனார்.